படம் விக்கிய இடம்

அக்காவின் முகம் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும். நெற்றியை மறைத்துக் கட்டிய கறுப்பு முக்காடு, பாதி திறந்த வாய், பக்கத்தில் யாரையோ பார்க்கத் திரும்புகிற கண்கள். அந்த இடம் வந்ததும் படம் உறைந்துவிடும். கம்பியூட்டர் பெட்டிக்குள் எலி பிறாண்டுவது போல ஒரு சத்தம் கேட்கும். குரல் இரண்டு மூன்று துண்டாக உடைந்து வந்து, பிறகு அதுவும் நின்றுபோகும். அத்தான் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, திரைக்குள் கையை விட்டு அவளை வெளியே இழுக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். சற்று நேரத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளி மறுபடி ஓடும். "...எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அக்கா சொல்லி முடிப்பாள். அத்தான் மூச்சு விடுவார். கட்டிலில் படுத்திருக்கும் அம்மா, "எம் மகளுக்கு விக்குது பாரு, நம்மள நெனைக்கிறா" என்பார்.

விக்குவது மகள் இல்லை, மெஷின் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். அம்மாவிடம் அது எடுபடவில்லை. விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். கம்பியூட்டர் எனக்குத் தெரிந்த விஷயம். இரண்டில் எது பெரிது என்று வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

இன்று என் வேலையில் பாதி நேரம் திரையைப் பார்த்துப் பேசுவதிலேயே போகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவருடைய முகம் வாயைத் திறந்தபடி உறைந்துவிடும். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிலையாகிவிட்டார், சாமியாகிவிட்டார் என்று கிண்டல் நடக்கும். நான் என் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டு தேத்தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விடுவேன். சிடுமூஞ்சி என்று எனக்கு அலுவலகத்தில் ஒரு பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஹட்டனுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்து பெக்டரியில், தேயிலைக் கொழுந்தை உருட்டுகிற மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர். மெஷினோடு பேசுகிற அளவுக்கு மனிதரோடு பேசமாட்டார். கையில் எப்போதும் எண்ணெயும் இலைச்சாறும் சேர்ந்த ஒரு கறுப்பு. அதைக் கழுவக் கழுவப் போகாது; அக்கா அதை "எங்க வீட்டு மருதாணி" என்பாள். ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். அக்காவைக் கட்டினால் கட்டுவேன், இல்லாவிட்டால் சாமியாராகப் போவேன் என்று அவர் நின்ற கதையைச் சொல்லி அக்கா அவரைக் கேலி செய்வாள். அவர் காது சிவக்கும்.

நாங்கள் நாலு பேரும் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளில், ஒரே வீட்டில் இருந்தோம். கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து அம்மா படுக்கையில். நான் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு மாடியில் நடந்த கம்பியூட்டர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். லயத்தை விட்டு வெளியே, நமக்கென்று நாலு சுவர், அம்மாவுக்கு வெளிச்சம் வருகிற ஒரு அறை என்று அக்கா ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கு இங்கே கொழுந்து பறித்துச் சரிவராது என்று அவளே முடிவு செய்து, அரபு நாட்டில் வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். அத்தான் வேண்டாம் என்றார். வேண்டாம் என்பதற்கு மேல் அவரிடம் வார்த்தை இல்லாததால் அக்கா ஜெயித்தாள்.

போன புதிதில் டவுனில் ஒரு துணிக்கடைக்குத் தொலைபேசியில் கூப்பிடுவாள். கடைக்காரர் ஆளனுப்புவார், அத்தான் மலையிறங்கி ஓடுவார். பிறகு கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றது. கடிதமும் இல்லை. அக்காவை அனுப்பிவைத்த சப் ஏஜென்ட் கினிகத்தேனையில் இருந்தான். அத்தான் ஓய்வு கிடைத்த நாளெல்லாம் பஸ் பிடித்துப்போய் அவன் வாசலில் நின்றார். சத்தம் போடமாட்டார், சும்மா நிற்பார். சத்தம் போடுகிறவனைச் சமாளித்துவிடலாம், சும்மா நிற்கிறவனைச் சமாளிக்க முடியாது. கடைசியில் சப் ஏஜென்ட் ஒரு சிடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான்.

"இந்தாங்க, ஒங்க சம்சாரமே பேசுறாங்க. எங்க ஆளு ஒருத்தர் அந்த நாட்டுல வீடு வீடாப் போய் கேமராவுல எடுத்து அனுப்பியிருக்காரு. பாத்துட்டு நிம்மதியாத் தூங்குங்க. இனிமே இங்க வந்து நிக்காதீங்க."

பக்கத்து வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம், ஓடவில்லை. அது கம்பியூட்டரில் மட்டும் ஓடுகிற படம் என்று நான் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அத்தான் ஒரு கம்பியூட்டரோடு வந்துவிட்டார். தோட்டத்து ஆபிசில் புதிய மெஷின் வந்ததும் பழையதை ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய வெள்ளைப் பெட்டி, இப்போது பல்லுக் கறை பிடித்த நிறம். தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கி, உரச்சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து வந்தார். அக்காவின் தையல் மெஷின் மேசை மேல் அதற்கு இடம் கிடைத்தது. சுவிட்சைப் போட்டால் அது முனகி, யோசித்து, மறுபடி முனகி எழும்ப ஒரு யுகம் ஆகும். "இது எழும்புறதுக்குள்ள பெரட்டுக்குப் போய் வேலை வாங்கிட்டு வந்துறலாம்" என்று அம்மா சொல்வார். காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற இடம்தான் பெரட்டு. படுக்கையில் கிடந்த காலத்திலும் அம்மாவுக்கு நேரம் பெரட்டில்தான் தொடங்கியது.

படம் சின்னப் படம்தான். ஒரு பெரிய வீட்டின் முன்னறை. தடித்த திரைச்சீலை. நாற்காலியில் அக்கா. அவள் முன்னால் ஒரு கிளாஸ் பழச்சாறு, தொடாமல். கேமராக்காரன் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கும். தமிழ்தான் பேசினான், கொழும்புத் தமிழ். "சாப்பாடெல்லாம் எப்படி?" "நல்லா." "வீட்டுக்காரங்க எப்படி?" "நல்லா." பிறகு அவன் அறையைக் காட்டக் கேமராவைத் திருப்பத் தொடங்குகிறான். அந்த நேரத்தில்தான் அக்கா கேட்காமலே ஏதோ சொல்கிறாள். "அம்மாகிட்ட சொல்லுங்க, இங்க நான்" என்று தொடங்குகிறாள். அங்கேதான் படம் விக்கும்.

அதற்குக் காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைக் காட்டுவதற்கு மெஷினுக்கு அதிகம் உழைப்பில்லை. கேமரா திரும்பினால் சுவர், திரைச்சீலை, விளக்கு எல்லாம் ஒரேயடியாக நகரும். அத்தனையையும் நொடிக்கு நொடி கணக்குப்போட்டு வரைய வேண்டியது உள்ளே இருக்கிற பிராசசர். அந்தப் பழைய பிராசசருக்கு அவ்வளவு மூச்சு இல்லை. படத்தைப் பிடிக்கப் போய்க் குரலையும் விட்டுவிடும். எத்தனை தடவை போட்டாலும் அதே இடத்தில் விழும்.

அந்த ஓட்டையில் அவரவர் தங்களுக்கு வேண்டியதைப் போட்டு அடைத்தார்கள். கோயிலுக்கு ஒரு தேங்காய் உடைக்கச் சொல்கிறாள் என்றார் அம்மா. வீட்டுக்காரர்கள் சம்பளத்தைக் கூட்டிவிட்டதாகச் சொல்கிறாள் என்றார் அத்தான். எனக்கும் ஒரு ஊகம் இருந்தது, தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்கிறாள் என்று. அக்கா என்னை மறந்திருக்கமாட்டாள் என்கிற அகந்தைதான், வேறென்ன. மழைக்காலம் முழுவதும் அத்தான் வேலை விட்டு வந்து கை கழுவியதும் அந்தப் படத்தைப் போடுவார். பிறகுதான் சாப்பாடு.

"சிடியக் குடுங்க அத்தான், எங்க வகுப்பு மெஷின்ல போட்டு அக்கா என்ன சொல்றான்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடைத்தெருவுல எம் பொண்டாட்டி மூஞ்சிய ஓட விடப்போறியா?" என்றார். சிடியைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் பேசுவது பாறையில் முட்டுவது. ஆனால் நாலைந்து நாள் கழித்து அவராகவே வந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி கேட்டார்.

"சின்னப்புள்ள, பெக்டரியில ரோலரு இழுக்கலன்னா மோட்டர மாத்துவோம். ரோலரத் தூக்கிப் போடமாட்டோம். இதுக்கு மோட்டரு எது?"

நான் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலின் பொருள் எனக்குத் தெரியும்.

எங்கள் வகுப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாஸ்டர். சண்டை நிறுத்தக் காலத்தில் எல்லாரும் ஊர் திரும்ப, அவர் மட்டும் இந்தக் குளிரை விட்டுப் போகமாட்டேன் என்று இருந்தவர். செத்துப்போன மெஷின்களின் உறுப்புகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் டின்னைக் கிளறி ஒரு பிராசசரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, உந்தப் போர்டுக்கு இதுக்கு மேல ஏலாது. இது தாங்கும். ஜம்பரை மாத்தி வைக்க மறந்திடாதை, வோல்டேஜ் கூடினால் இதுவும் போயிடும். பின் ஒண்டும் வளையாமல் பாத்துப் போடு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொக்காவின்ரை படம் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். கொக்கா என்றால் அவர் ஊர்ப் பேச்சில் உன் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். பின்னேரம் ஆனால் லயத்தில் எல்லா அடுப்பும் விளக்கும் சேர்ந்து கரண்டை உறிஞ்சிவிடும், மின்குமிழ் பழுத்துப்போகும். வெளியே பனிப்புகார் இறங்கியிருந்தது. அத்தான் கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் குந்திக்கொண்டார், ஆனால் ஒன்றையும் தொடவில்லை. பிராசசர் மேல் இருந்த சின்ன காற்றாடியை நான் கழற்றியதும் அம்மா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நமக்கே போர்வை பத்தல. அதுக்கு எதுக்குடி காத்தாடி?"

"அதுக்குச் சூடு தாங்காதும்மா."

"நுவரெலியாவுல கொண்டு போய் வைக்கச் சொல்லு."

அத்தான் சிரித்தார். அன்று காலையில் அவர் சிரித்தார் என்பது எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்துச் சின்ன நெம்புகோலைத் தூக்கினேன், பழைய பிராசசர் கையோடு வந்தது. உள்ளங்கையில் வைத்தால் பீங்கான் துண்டு, கீழே முள் முள்ளாகப் பொன்னிறப் பின்கள். புதியதை மூலை பார்த்து வைத்தேன். அழுத்தவில்லை, அது தானாக இறங்கி உட்கார்ந்தது. வெள்ளைப் பசையைத் தடவிக் காற்றாடியைப் பூட்டினேன். மாஸ்டர் எழுதித் தந்தபடி, போர்டின் பின்களில் செருகியிருந்த பொடி மூடிகளான ஜம்பர்களைக் குறட்டால் பிடுங்கி மாற்றினேன். சுவிட்சைப் போட்டபோது திரை கறுப்பாகவே நின்றது. அத்தானின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. ஒரு ஜம்பர் பக்கத்துப் பின்னில் இருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி போட்டேன். முனகல் இல்லை, யோசனை இல்லை, மெஷின் சட்டென்று எழும்பியது.

"அதுக்குள்ளயா?" என்றார் அம்மா.

அத்தான் சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றிச் சிடியை எடுத்தார். அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி திரையைத் திருப்பி வைத்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்பு வெட்டி வெட்டி அசைந்தவள், இப்போது சாதாரண மனுஷியாக அசைந்தாள். சாப்பாடு நல்லா, வீட்டுக்காரர்கள் நல்லா. கேமரா திரும்பத் தொடங்கியது. படம் விக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லுங்க, இங்க நான் கவ்வாத்து மலையில நிக்கிறேன்னு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டும். எங்களுக்கு மலை என்றால் தூரத்தில் தெரிகிற மலை இல்லை. கொழுந்து பறிக்கிற தேயிலைத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு மலை. "இன்னைக்கு எந்த மலை?" என்றுதான் காலையில் கேட்போம். தேயிலைச் செடி வயதேறிப் போனால் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள், அதற்குப் பேர் கவ்வாத்து. வெட்டிய மலையில் ஒரு இலை இருக்காது. பெண்களுக்கு அங்கே வேலை இல்லை. நடந்தால் வெட்டிய குச்சிகள் காலைக் கிழிக்கும், மழை வந்தால் ஒதுங்க மறைவு இல்லை. எங்கள் லயத்தில் புருஷன் விட்டுப் போனவளை, பிள்ளை அடித்துத் துரத்தியவளை, "கவ்வாத்து மலையில நிக்கிறா" என்பார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றவனுக்குத் தமிழ் தெரியும், சிங்களமும் தெரிந்திருக்கும். எந்த மொழியில் சொன்னாலும் அவன் அழித்துவிடுவான். அதனால் அக்கா பெரட்டு மொழியில் சொன்னாள். அவன் அதை ஏதோ ஊரின் பேர் என்று நினைத்து விட்டுவிட்டான்.

அம்மாவுக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. இடுப்பை அசைக்க முடியாதவர் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். "ஐயோ, எம் மகளே, கவ்வாத்து மலையிலயா நிக்கிற? என்னைய விட்டுட்டு அங்கயா போய் நிக்கிற?" என்று கத்தினார். பக்கத்து வீட்டு அடுப்படிச் சத்தம் நின்றது.

அத்தான் படத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி போட்டார். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. கேமரா திரும்புகிற அந்தக் கணத்தில், படத்தின் ஓரத்தில், அக்கா கையைத் தூக்கி முக்காட்டைத் தளர்த்துகிறாள். தானாக நழுவியது இல்லை, அவளே தளர்த்துகிறாள். பழைய மெஷினில் அந்தக் கை எழும்பியதே இல்லை. இடுப்பு வரை பின்னல் போட்டவளுக்குக் காதுக்குக் கீழே முடி இல்லை. ஒழுங்காகக் கத்தரித்ததும் இல்லை, கண்டபடி வெட்டிய முடி. ஒரு கண் சிமிட்டும் நேரம் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறாள். அத்தான் அந்த இடத்தை நிறுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து, வெளியே போய், வாசல் பீலிக் குழாயில் தலையை நீட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அந்தக் குளிரில்.

மறுநாளே நானும் அத்தானும் கினிகத்தேனைக்குப் போனோம். சப் ஏஜென்ட் நாக்கில் தேன் தடவிக்கொண்டு பேசுகிறவன். "அங்க ஏதுங்க மலை? பாலைவனம். ஊரு ஞாபகத்துல ஏதோ பேசியிருக்காங்க. அவங்களே நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்களே, நீங்க ஏன் அபசகுனமாப் பேசுறீங்க?" என்றான். முடியைப் பற்றிக் கேட்டேன். அந்த நாட்டில் அதுதான் சுத்தம் என்றான். அன்று அவன் முகத்தில் செருப்பை வீசாமல் திரும்பியதற்கு அத்தான்தான் காரணம். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கொழும்பு. வெளிநாடு போனவர்களுக்கு ஒன்றென்றால் போய்ச் சொல்ல ஒரு அலுவலகம் இருக்கிறது என்று மாஸ்டர் விசாரித்துச் சொன்னார். வரிசையில் நின்று உள்ளே போனோம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார். சிடியை வாங்கித் தன் மேசைக் கம்பியூட்டரில் போட்டார். அது புத்தம் புதிய மெஷின். எங்கள் மெஷினை விடப் பல மடங்கு வேகம். அக்கா கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தாள், ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக விழுந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. அத்தான் தன் பெக்டரிச் சிங்களத்தில் முந்திக்கொண்டு சொன்னார். சிங்களத்திலும் கவ்வாத்துக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான், கப்பாது. தேயிலையை வெட்டினாலும் கப்பாது, அரசாங்கம் செலவை வெட்டினாலும் கப்பாது.

"கப்பாது கரபு கந்தே இன்னவாலு, சேர்" என்றார் அத்தான். கவ்வாத்து வெட்டிய மலையில் இருக்கிறாளாம் ஐயா என்று பொருள்.

அதிகாரி புரிந்துகொண்டவராகத் தலையை ஆட்டினார். "படி கப்பாதுவக்த?" என்று கேட்டார். சம்பள வெட்டா என்கிறார்.

நான் குறுக்கே விழுந்து, இல்லை, சம்பளம் இல்லை, அவளுக்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஆபத்து என்று அவள் சொன்னாளா என்று கேட்டார். சொல்லவில்லை. அடித்தார்கள் என்று சொன்னாளா? சொல்லவில்லை. வேறென்ன சொன்னாள்? எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றாள். அவர் பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். முடியைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் அதைச் சம்பளம் குறைத்த முறைப்பாடாகப் பதிந்துகொண்டார். அந்த மாதிரி முறைப்பாடுகள் நிறைய இருந்தன, முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றார். திரும்பி வரும் ரயிலில் அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி, "நான் கப்பாதுன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். நாவலப்பிட்டி தாண்டும்வரை அதையே மூன்று நாலு விதமாகச் சொன்னார். வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம் என்று நானும் யோசித்தேன். இன்றுவரை கிடைக்கவில்லை.

கோடை தொடங்குவதற்குள் செய்தி வந்துவிட்டது. துணிக்கடைத் தொலைபேசிக்குத்தான் வந்தது. மேல்மாடியில் ஜன்னல் துடைக்கும்போது தவறி விழுந்துவிட்டாளாம். சவப்பெட்டி வந்து சேர நாளாயிற்று. திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அத்தான் திறக்கவில்லை. நான் திறக்க வேண்டும் என்று சண்டை போட்டேன். "அவ முடிய அவ காட்டுறப்பக் காட்டுனா, அது போதும்" என்றார். தேயிலை ஓரத்து மயானத்தில் புதைத்தோம். அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் போனோம். அம்மா அழவில்லை, குழிக்குப் பக்கத்துச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து விட்டுத் தழைத்த மலை அது. அதையாவது கேட்டு வாங்கினார் அத்தான்.

இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் கிடையாது. யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எரிச்சல்தான் வரும். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டார். நடுவில் இருந்தவர்கள் எல்லாரும் நல்ல மெஷின் வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் இவ்வளவு காலத்தில் கொஞ்சமும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

காரியம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு அத்தான் அந்தப் படத்தைப் போடவில்லை. மெஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. வேலை விட்டு வருவார், கை கழுவுவார், சாப்பிடாமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மூடியிருக்கிற துணியைப் பார்த்தபடி. ஒரு ஞாயிறு மத்தியானம் அவரே துணியை எடுத்துவிட்டு, பெட்டியின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

"சின்னப்புள்ள, நீ கழட்டுன அந்தப் பழசு இருக்கா?"

பஞ்சில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். விற்கப் போகிறாரோ என்று நினைத்தேன்.

"இருக்கு. எதுக்கு அத்தான்?"

"அதத் திருப்பிப் போட்டுக் குடு."

"ஏன், புதுசுல ஏதும் கோளாறா?"

அவர் திருகாணிகளைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "கோளாறு ஒன்னும் இல்ல" என்றார். பிறகு, "இதுல எல்லாம் கேக்குது" என்றார்.

நெம்புகோலைத் தூக்கினேன். மாஸ்டரின் பிராசசரை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தேன். ஜம்பர்களை முன்பிருந்தபடி மாற்றினேன். இந்தத் தடவை அம்மா கட்டிலிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மெஷின் முனகி, யோசித்து, மெல்ல எழும்பியது. அத்தான் சிடியைப் போட்டார். சாப்பாடு நல்லா. வீட்டுக்காரர்கள் நல்லா. "அம்மாகிட்ட சொல்லுங்க, இங்க நான்" என்றாள் அக்கா. முக்காடு நெற்றியில் இருந்தபடி இருந்தது, கை எழும்பவில்லை. பெட்டிக்குள் எலி பிறாண்டியது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். படம் துள்ளியது.

"...எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அத்தான் மூச்சை விட்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இதுல அவ நல்லாத்தான் இருக்கா, சின்னப்புள்ள" என்றார்.